வாசகர் கேள்வி பதில்: ‘மாய்’ என்னும் பிரெஞ்சுச் சொல்

பிரெஞ்சு பயிலும் வாசகர்களும் பிரான்சோடு தொழில் தொடர்புள்ள வாசகர்களும் அனுப்பிய கடிதங்களில் ‘மாய்’ என்ற சொல்லைப் பற்றிய கேள்விகள் பல இருந்தன. அவற்றை ஒன்றாகத் திரட்டி, இந்த இதழின் பகுதி முழுவதையும் அச்சொல்லுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுத்தில் அதன் நடுவே இரண்டு ‘ல்’ இருந்தாலும் உச்சரிப்பில் அவை ‘ய்’ ஆகிவிடுகின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: அகராதியில் ‘மாய்’ என்ற சொல்லுக்குப் பின்னல் தையல், சங்கிலியின் வளையம், வலையின் துளை என்று மூன்று பொருள்கள் தரப்பட்டுள்ளன. ஒன்றோடொன்று ஒட்டாத இவற்றுள் எது மூலப்பொருள்?
— வாசகர், புதுச்சேரி

மூன்றும் ஒட்டாதவையாகத் தோன்றுவது அகராதி அவற்றை எண் போட்டுப் பிரித்து வைத்திருப்பதால்தான். நூலோ கம்பியோ வளைந்து ஒரு துளையைச் சுற்றிக்கொண்டு, அத்துளையின் வழியே அடுத்த வளைவு புகுந்து கோத்துக்கொள்ளும்போது உண்டாகும் ஓர் அலகுதான் ‘மாய்’. கம்பளி நூலில் அது நேர்ந்தால் பின்னலாடை, இரும்புக் கம்பியில் நேர்ந்தால் சங்கிலி. வலையில் நூல்கள் முடிச்சுகளால் இணைகின்றன என்றாலும், நூலால் சூழப்பட்ட துளை என்ற அளவில் அதுவும் இதே குடும்பத்தில் சேர்கிறது.

இதன் தாய்ச்சொல் லத்தீன் மொழியின் ‘மாகுலா’. புள்ளி, கறை என்பது அதன் முதற்பொருள். விழித்திரையின் நடுவில் உள்ள மஞ்சள் புள்ளியைக் கண் மருத்துவர்கள் இன்றும் மாகுலா என்றே அழைக்கிறார்கள். விரித்துப் பிடித்த வலையை எட்ட நின்று பார்த்தால் துளைகள் புள்ளிகளாகத் தெரிவதால், ரோமானியர்கள் வலையின் துளையையும் அதே சொல்லால் குறித்தார்கள். கி.மு. 70இல் சிசிலியின் முன்னாள் ஆளுநர் வெர்ரெஸ் மீதான வழக்குக்காக ரோமானியப் பேச்சாளர் சிசெரோ எழுதிய உரைகளில் இதற்கு அழகான சான்று ஒன்று இருக்கிறது. பல்லக்கில் சாய்ந்தபடி ஊர் சுற்றிய அந்த ஆளுநர், மெல்லிய லினன் நூலில் பின்னி ரோஜாக்களால் நிரப்பிய சிறு வலைப்பையை மூக்கருகே பிடித்திருந்தார் என்று சொல்லுமிடத்தில், அந்தப் பையின் நுண்ணிய துளைகளைச் சிசெரோ ‘மாகுலா’ என்றே குறிப்பிடுகிறார்.

பேச்சு வழக்கில் ‘மாகுலா’ நடு உயிரை இழந்து ‘மாக்லா’ ஆகி, பின்னர் ‘மாய்’ ஆயிற்று. கண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘ஓகுலுஸ்’, பிரெஞ்சில் ‘எய்’ என்று தேய்ந்ததும் இதே வழியில்தான். இத்தாலிய மொழியின் ‘மால்யா’, ஸ்பானிய மொழியின் ‘மாயா’ ஆகியவை ‘மாய்’ என்பதன் உடன்பிறப்புகள்.

பழைய பொருளான ‘புள்ளி’ பிரெஞ்சில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இளம் கௌதாரியின் இறகில் புள்ளிகள் தோன்றும் பருவம் வந்துவிட்டால் வேட்டைக்காரர்கள் அதை ‘மாயே’, அதாவது புள்ளி விழுந்த பறவை என்பார்கள். ஓக் மரத்தை ஆரப் போக்கில் அறுக்கும்போது பலகையின் முகத்தில் பளபளப்பான திட்டுகள் தெரியும். மரவேலைக்காரர்கள் அவற்றையும் ‘மாய்’ என்றே சொல்கிறார்கள்.

தமிழில் இதற்கு நிகரான சொல் எது என்ற கேள்வியும் உங்கள் கடிதத்தில் தொக்கி நிற்கிறது. ‘கண்ணி’ என்பதே எங்கள் தெளிவான விடை. வலைக்கும் கண்ணி உண்டு, சங்கிலிக்கும் கண்ணி உண்டு, பறவை பிடிக்கும் சுருக்கும் கண்ணிதான். மயில் தோகையில் உள்ள புள்ளியைக் ‘கண்’ என்று சொல்லும் நம் மொழி, வலைத் துளையையும் ‘கண்’ என்று சொல்வதைக் கவனியுங்கள். புள்ளியும் துளையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிய அந்த லத்தீன் வழக்கு தமிழருக்குப் புதியதே அல்ல. பாட்டில் அடுத்தடுத்துத் தொடுக்கப்படும் ஈரடிகளுக்குத் தாயுமானவர் காலத்திலேயே ‘கண்ணி’ என்ற பெயர் வழங்கியது. அந்த அளவுக்குப் பிரெஞ்சுச் சொல் போகவில்லை.

கேள்வி: பிரெஞ்சு மொழியில் உள்ள ஒரு ஸ்வெட்டர் பின்னல் குறிப்பை வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன். சில இடங்களில் ‘மாய்’ என்றும் சில இடங்களில் ‘புவான்’ என்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுமே ‘ஸ்டிச்’ தானே?
— வாசகி, கோயம்புத்தூர்

ஆங்கிலத்தின் ‘ஸ்டிச்’ என்ற சொல்லை நடுவில் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீராது. பின்னலில் ஊசிமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தனிக் கண்ணியும் ‘மாய்’. அந்தக் கண்ணிகளை எந்த முறையில் மாற்றி மாற்றிப் போட்டால் துணியில் ஒரு வடிவம் விழுமோ, அந்த முறைக்குப் பெயர் ‘புவான்’. எனவே ‘மாய்’ எண்ணப்படுவது, ‘புவான்’ தேர்ந்தெடுக்கப்படுவது. குறிப்பின் தொடக்கத்தில் ‘மோன்த்தே 60 மாய்’ என்றிருந்தால் ஊசியில் 60 கண்ணிகளை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ‘புவான் மூஸ்’ என்று வந்தால், எல்லா வரிசைகளையும் நேர்க் கண்ணியாகவே பின்னி, இருபுறமும் மேடுதட்டிய துணியாக்க வேண்டும்.

கண்ணிகளில் அடிப்படையானவை இரண்டே. ‘மாய் ஆ லாந்த்ருவா’ என்பது நேர்க் கண்ணி. பழைய கண்ணிக்குள் முன்னிருந்து ஊசியைச் செலுத்தி, பின்னால் இருக்கும் நூலைப் பிடித்து முன்பக்கமாக இழுப்பதால், துணியின் முகத்தில் சிறிய ‘வி’ எழுத்துகளை நிமிர்த்தி அடுக்கியதுபோல் தெரியும். ‘மாய் ஆ லான்வேர்’ என்பது மறிக் கண்ணி. இதில் நூல் முன்னால் இருந்து பின்னோக்கிச் செல்வதால், கிடையாக ஒரு சிறு மேடு நிற்கும். உண்மையில் இவை ஒரே கண்ணியின் இரு முகங்களே. நேர்க் கண்ணியைத் துணியின் மறுபுறம் திருப்பிப் பார்த்தால் மறிக் கண்ணி தெரியும். ஒரு வரிசை நேர், அடுத்த வரிசை மறி என்று போய்க்கொண்டிருந்தால் கிடைப்பது ‘ழெர்சே’ எனப்படும் வழுவழுப்பான துணி. நாம் அன்றாடம் அணியும் பனியன் துணியின் அமைப்பும் இதுவே.

நீங்கள் நாளை குரோஷா ஊசியை எடுத்தாலும் ‘மாய்’ உங்களை விடாது. எதிலும் பற்றாமல் தனியே சங்கிலியாக நீளும் கண்ணிக்கு ‘மாய் அன் லேர்’, அதாவது அந்தரத்துக் கண்ணி, என்று பெயர். நெருக்கமாக அமர்வது ‘மாய் ஸெரே’. வழுக்கிக்கொண்டு போவது ‘மாய் கூலே’. இம்மூன்று பெயர்களின் பொருளும் அந்தந்தக் கண்ணியை எப்படிப் போட வேண்டும் என்பதையே சொல்லிவிடுகிறது. குறிப்பில் முதலெழுத்துச் சுருக்கங்கள் மட்டுமே இருந்தாலும், முழுப்பெயரை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பின்னும்போது ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவிவிட்டால் பதற வேண்டியதில்லை. தனக்கு மேலே உள்ள கண்ணியைத் தாங்குவது கீழ்க் கண்ணியே என்றாலும், அந்தக் கீழ்க் கண்ணி அவிழாமல் நிற்பதற்கு மேலே உள்ளது அதனூடே கோத்திருக்க வேண்டும். ஆகவே மேலது நழுவினால் அதன் கீழுள்ளது அவிழும், பிறகு அதற்கும் கீழுள்ளது. இப்படியே ஏணிப்படிகள்போல் குறுக்கு நூல்கள் மட்டும் மிஞ்சும். குரோஷா ஊசியை அவிழாமல் நிற்கும் கடைசிக் கண்ணிக்குள் விட்டு, அந்தக் குறுக்கு நூல்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே இழுத்து வந்தால், விழுந்த கண்ணி பழையபடி ஊசிக்கு ஏறிவிடும்.

பெண்களின் மெல்லிய காலுறைகளில் நேர்வதும் இதே சேதம்தான். காலுறை விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், நுண்ணிய கொக்கி ஊசியால் அவற்றை ஒவ்வொரு கண்ணியாக ஏற்றிச் சரிசெய்வதையே பிழைப்பாகக் கொண்ட பெண்கள் பிரெஞ்சு நகரங்களில் இருந்தார்கள். ‘ரான்மாயேஸ்’ என்பது அவர்கள் தொழிற்பெயர். கண்ணியை மீண்டும் ஏற்றுபவள் என்று பொருள். மலிவான நைலான் காலுறைகள் வந்த பின் அந்தக் கைவேலை ஏறக்குறைய அற்றுப்போனது. மிகுந்த பொறுமையும் கூர்மையான கண்பார்வையும் கேட்ட அந்த வேலை, அதன் மதிப்புக்கு ஏற்ற இடத்தை வரலாற்றில் பெறவில்லை என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: அறுவைச் சிகிச்சைக்குப் பின் போடும் தையலையும் ‘மாய்’ என்று சொல்லலாமா?
— வாசகர், காரைக்கால்

கூடாது. அது ‘புவான் து சுத்யூர்’. ஊசி குத்தி நூல் கோத்துப் போடும் தையல் எதுவானாலும், சட்டைக்கானாலும் சதைக்கானாலும், ‘புவான்’ தான். ஊசி குத்தும் இடத்தைக் குறிப்பது அச்சொல். கண்ணியோடு கண்ணி கோக்கும் இடத்துக்கு மட்டுமே ‘மாய்’ பொருந்தும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு வரும் பிரெஞ்சு ஆணைகளில் துணி வகை என்ற இடத்தில் ‘மாய்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எந்தத் துணியைக் கேட்கிறார்கள் என்று புரியவில்லை.
— வாசகர், திருப்பூர்

ஆடைத் தொழிலில் ‘லா மாய்’ என்று பொதுவாகச் சொன்னால் பின்னலாடை முழுவதையும் குறிக்கும். தறியில் பாவும் ஊடையுமாக நெய்த துணி அல்ல, நிட்டிங் துணி என்பதை மட்டுமே அது உறுதிப்படுத்துகிறது. என்ன வகை நிட்டிங் என்பதை அடுத்து வரும் சொல்தான் சொல்லும். ‘மாய் ஃபீன்’ என்றால் நுண்ணிய கண்ணி, ‘குரோஸ் மாய்’ என்றால் தடித்த நூலில் பெரிய கண்ணி. ஆணையில் அடைமொழி இல்லையென்றால் கட்டாயம் திருப்பிக் கேட்டுவிடுங்கள். இவ்விடத்தில் ஊகத்தின் பேரில் நூல் வாங்குவது ஆபத்து.

ஸ்வெட்டர் வகை ஆடைகளில், உடலையும் கழுத்துப் பட்டையையும் கண்ணிக்குக் கண்ணி பொருத்தி இணைக்கும் லிங்கிங் வேலைக்குப் பிரெஞ்சில் ‘ரெமாயாஜ்’ என்று பெயர். காலுறையைச் சரிசெய்த பெண்களின் தொழிற்பெயரில் இருக்கும் அதே சொல், இங்கே இயந்திர வேலைக்கு இடம் மாறியிருக்கிறது.

உங்கள் ஊரைப் போலவே பனியனாலும் காலுறையாலும் பெயர் பெற்ற நகரம் ஒன்று பிரான்சிலும் உண்டு. பாரிசுக்குத் தென்கிழக்கே, ஷாம்பாஞ் பகுதியில் உள்ள த்ருவா நகரம் அது. காலுறை பின்னும் இயந்திரத்தை 1589இல் இங்கிலாந்தில் உருவாக்கிய வில்லியம் லீக்குத் தன் நாட்டில் ஆதரவு கிடைக்கவில்லை. நான்காம் ஹென்றி மன்னரின் ஆட்சியில் அவர் பிரான்சுக்கு வந்து ரூவான் நகரில் தொழில் தொடங்கினார். 18ஆம் நூற்றாண்டில் த்ருவா நகரில் வேரூன்றிய இத்தொழில், அடுத்த நூற்றாண்டில் அந்நகரின் முதன்மைத் தொழிலாகவே ஆகிவிட்டது. குழந்தைகளின் உள்ளாடைக்குப் பெயர் பெற்ற பெத்தி பாத்தோ நிறுவனம் 1893இல் அங்கேதான் பிறந்தது. டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த், அந்நகரின் பின்னலாடை உற்பத்தியாளர் ஆந்த்ரே ஜிலியேயுடன் கூட்டுச் சேர்ந்து, முதலைச் சின்னம் பொறித்த சட்டையை 1933இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். விளையாட்டு வீரர்கள் அதுவரை அணிந்த விறைத்த நெசவுச் சட்டைக்குப் பதிலாகக் காற்றோட்டமுள்ள பின்னல் துணியைத் தேர்ந்ததே அதன் சிறப்பு. கண்ணிகளால் ஆன துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும், இடைவெளிகளில் காற்றையும் விடும். நெசவுத் துணியில் இவ்வளவு நெகிழ்ச்சி கிடைக்காது. த்ருவாவில் பின்னலாடைக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

கேள்வி: ‘மாயோன்’, ‘மாயோ’ என்ற சொற்களும் இதிலிருந்து வந்தவையா?
— வாசகி, சென்னை

ஆம். ‘மாயோன்’ என்பது சங்கிலியின் ஒற்றைக் கண்ணி. திருமாலைக் குறிக்கும் நம் மாயோனோடு ஒலி ஒற்றுமை தவிர வேறு தொடர்பில்லை. வரிசையின் பலவீனமான கண்ணியை ‘மாயோன் ஃபேப்ல்’ என்பார்கள். இன்று சங்கிலியைப் பற்றிப் பேசும்போது தனிக் கண்ணிக்கு ‘மாயோன்’ என்பதே பெருவழக்கு. ஆனால் நகைக்கடையில் ‘மாய்’ உயிரோடிருக்கிறது. அங்கே அது கண்ணியின் டிசைனைக் குறிக்கும். முட்டை வடிவ வளையங்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகக் கோத்த எளிய சங்கிலிக்கு ‘மாய் ஃபோர்சா’ என்று பெயர். ‘ஃபோர்சா’ என்றால் கடுங்காவல் கைதி. அவர்களைப் பிணித்த விலங்குச் சங்கிலியின் வடிவமே இன்று கழுத்தை அலங்கரிக்கிறது.

போர்வீரர்களின் சங்கிலிக் கவசம் ‘கோத் து மாய்’ எனப்படும். அதில் பெரும்பாலும் ஒவ்வொரு வளையமும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு வளையங்களோடு கோக்கப்பட்டிருக்கும். வளையத்தின் இரு முனைகளையும் தட்டையாக அடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளையிட்டுச் சிறு ஆணியால் அறைந்து மூடுவார்கள். ஒரு கவசத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கான வளையங்கள் தேவைப்பட்டன. ஆங்கிலத்தில் கவசத்தைக் குறிக்கும் ‘மெயில்’ இந்தச் சொல்லிலிருந்தே வந்தது. தபாலைக் குறிக்கும் ‘மெயில்’ வேறு. அது பையைக் குறிக்கும் ‘மால்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது.

‘மாயோ’ முதலில் பச்சிளங்குழந்தையைச் சுற்றிக் கட்டும் துணியைக் குறித்தது. துணிப்பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் பின்னிக் கிடந்ததால் அப்பெயர் வந்தது என்பது சொல்லாய்வாளர் தரும் விளக்கம். பிறகு உடலோடு ஒட்டிய ஆடைகளுக்கும், நீச்சலுடைக்கும், விளையாட்டு வீரரின் சட்டைக்கும் அது பெயராயிற்று. பிரான்சைச் சுற்றிவரும் சைக்கிள் போட்டியில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ‘மாயோ’ 1919இல் அறிமுகமானது. ஜூலை 19 அன்று கிரெனோபிள் நகரில் அதை முதன்முதலில் அணிந்தவர் எழேன் கிறிஸ்தோஃப். போட்டியை நடத்திய ‘லோட்டோ’ நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சானது என்பதே அந்நிறத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

கேள்வி: பாரிசில் வசிக்கிறேன். தூண்டில் போடும் என் நண்பர், பிடித்த மீனை அளந்துவிட்டு “இது மாய் இல்லை” என்று திரும்ப நீரில் விட்டார். தூண்டிலுக்கும் வலைத் துளைக்கும் என்ன தொடர்பு?
— வாசகர், பாரிஸ்

வலைத் துளையின் அளவுதான் எந்த மீன் சிக்கும், எந்த மீன் தப்பும் என்பதைத் தீர்மானிக்கிறது. குஞ்சுகள் தப்ப வேண்டும் என்பதற்காக அரசுகள் துளையின் குறைந்தபட்ச அளவை விதிக்கின்றன. வட கடலில் அடிமீன் பிடிக்கும் இழுவலையின் மடிப்பகுதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள பொது அளவு 120 மி.மீ. துளைக்கான அளவைக் குறித்த சொல், காலப்போக்கில் பிடிக்கத்தக்க மீனின் நீளத்தையே குறிக்கலாயிற்று. அதனால் வலையே இல்லாத தூண்டில்காரரும், சட்டம் அனுமதிக்கும் நீளத்தை எட்டிய மீனை ‘மாயே’ என்றும், எட்டாததை ‘நோன் மாயே’ என்றும் சொல்கிறார். அட்லாண்டிக் கரையிலும் ஆங்கிலக் கால்வாயிலும் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர் ‘பார்’ எனப்படும் கடல்மீனை 42 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நண்பர் சட்டத்தை மதித்து நடந்திருக்கிறார். இனப்பெருக்கம் செய்ய ஒரு வாய்ப்புக்கூடக் கிடைக்காத மீனைக் கூடைக்குள் போடாத அவரைப் பாராட்ட வேண்டும்.

நம் மீனவர்கள் செவுள் வலை என்று சொல்வதற்குப் பிரெஞ்சில் ‘ஃபிலே மாயான்’ என்று பெயர். தலை நுழைந்து, உடல் நுழைய முடியாமல், பின்வாங்கும்போது செவுள் மாட்டிக்கொள்ளும்படி துளையின் அளவு அமைந்த வலை அது.

கேள்வி: “சான் சூ நி மாய்” என்றால் கையில் காசில்லாதவன் என்கிறார்கள். பின்னலுக்கும் வறுமைக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், தஞ்சாவூர்

சம்பந்தம் இல்லை. இது வேறு ‘மாய்’. எழுத்தும் ஒலியும் ஒன்றாகிவிட்ட இரண்டு தனிச் சொற்களைச் சில கையகராதிகள் ஒரே தலைப்பின்கீழ்க் கொட்டி வைத்திருப்பது, பயில்வோருக்குச் செய்யும் பெரிய தீங்கு. இந்த ‘மாய்’ ஒரு பழைய நாணயம். பாதி என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பதக்கத்தைக் குறிக்கும் ‘மெதாய்’ இதன் நெருங்கிய உறவு. அது இத்தாலிய மொழி வழியாகச் சுற்றி வந்தது.

பழைய கணக்கில் ஒரு லீவ்ருக்கு 20 சூ. ஒரு சூவுக்கு 12 தெனியே. ஒரு தெனியேயில் பாதிதான் ‘மாய்’. அப்படியானால் ஒரு லீவ்ருக்கு 480 ‘மாய்’. அதைவிட அற்பமான நாணயத்தை நினைக்க முடியாததால், ‘சூவும் இல்லை, மாயும் இல்லை’ என்பது வறுமையின் எல்லையைச் சொல்லும் தொடராயிற்று. சல்லிக்காசு கூட இல்லை என்று நாம் சொல்வதற்கு இது அப்படியே பொருந்தும்.

இதே நாணயம் ‘அவுவார் மாய் ஆ பார்த்தீர்’ என்ற தொடரிலும் இருக்கிறது. ஒருவரோடு தகராறு இருக்கிறது என்று பொருள். ‘பார்த்தீர்’ என்றால் இன்றைய பிரெஞ்சில் புறப்படுதல். பழைய மொழியில் அதற்குப் பங்கிடுதல் என்ற பொருளும் இருந்தது. இருவர் பங்கிட வேண்டிய சொத்து ஒரே ஒரு ‘மாய்’ என்றால், அதைவிடச் சிறிய காசாக மாற்ற வழியின்றிச் சண்டைதான் மிஞ்சும். பங்கிடுதல் என்ற அந்தப் பொருள் ‘ரெபார்த்தீர்’ என்ற சொல்லில் இன்னும் நிலைத்திருக்கிறது. இன்றைய பிரெஞ்சு இளைஞர்களின் பேச்சிலும் பணத்துக்கு ‘மாய்’ என்ற பெயர் வழங்குகிறது.

கேள்வி: பிரெஞ்சு வழியில் இயற்பியல் படிக்கும் மாணவன் நான். ‘லுவா தே மாய்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?
— வாசகர், புதுச்சேரி

கிர்க்காஃப் 1845இல் வகுத்த இரண்டு மின்சுற்று விதிகளுள் ஒன்று அது. பல கிளைகளைக் கொண்ட மின்சுற்றை வரைந்து பாருங்கள். கம்பிகள் சந்திக்கும் இடங்கள் வலையின் முடிச்சுகளாகவும், கம்பிகளால் சூழப்பட்ட பரப்புகள் வலையின் கண்களாகவும் தெரியும். அதனால் மின்னோட்ட விதிக்கு முடிச்சுகளின் விதி என்றும், மின்னழுத்த விதிக்குக் கண்ணிகளின் விதி என்றும் பிரெஞ்சில் பெயர். மூடிய பாதை ஒன்றைச் சுற்றி வரும்போது மின்னழுத்த வேறுபாடுகளின் குறியியல் கூட்டுத்தொகை சுழி என்பதே விதி. தமிழில் ‘கண்ணி விதி’ என்று எழுதுங்கள். பொருள் கச்சிதமாக உட்காரும். படிகங்களைப் படிக்கும்போது வரும் ‘மாய் எலெமான்த்தேர்’ என்பதற்கு மட்டும் ‘அலகுக் கூடு’ என்ற பாடநூல் சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேசப்படுவது அணுக்களின் அமைப்பு முப்பரிமாணத்தில் மீண்டும் மீண்டும் அடுக்கப்படும் சிறு பெட்டி. கண்ணி என்றால் மாணவர் மனத்தில் தட்டையான வலைதான் வரும்.

கேள்வி: கடைகளில் விற்கும் ‘மாய்’ கடுகுக் குழம்புக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பு உண்டா?
— வாசகி, மதுரை

இல்லை. அது 1747இல் வணிகத்தைத் தொடங்கிய ஆந்த்துவான் மாய் என்பவரின் குடும்பப் பெயர்.